கடைசிப் பாட்டில் பெண்குரல்

2009 மே, செவ்வாய். ஹோர்சன்ஸ், டென்மார்க்.

நண்பன் லார்ஸும் நானும் பாடி வெளியிட்ட, 'கன்ட்ரி' என்ற அமெரிக்கக் கிராமிய இசைத்தட்டுக்கு இன்று பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கிறது. சோகம் அதிகமாம். ஆனால் கடைசிப் பாட்டில் பின்னால் ராகம் இழுக்கும் பெண்குரல் உலுக்கிவிட்டதாம். எங்களோடு பெண் யாரும் பாடவில்லை. கேட்டவர்கள் பலரும் அந்தக் குரலைத்தான் விசாரிக்கிறார்கள் என்றான் லார்ஸ். எனக்கு அது கேட்கவே இல்லை.

இலங்கையில் சண்டை முடிந்ததென்று நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். வன்னியில் இருந்த அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பின்னேரம் அம்மாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உன்ரை அக்கா எப்ப வந்து பாடினவள்?"

"அவள் வரேல்லை அம்மா."

"ஓம், தெரியும். நிப்பாட்டாதை. அவள் இன்னும் முடிக்கேல்லை."

பாட்டு முடிந்து வெகுநேரமாகியிருந்தது. பிளேயரை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.