ஆடி ஒன்பதில் திறக்கும் கல்யாணச் செயலி

புந்தோங், ஈப்போ.
10 மே 2026, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தனேஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் இரத்த அழுத்தம் நீங்கலாக எல்லாம் நலம்; அந்த அழுத்தத்துக்குக் காரணமானவரும் டப்ளினில் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம். ஜூன் 30 அன்று வேலையை விட்டுவிட்டு, ஈப்போவில் கல்யாணம் வைப்பவர்கள் மண்டபம், மணவறை, சமையல், மேளம் அனைத்தையும் கைப்பேசியிலேயே பதிவு செய்யும் செயலி ஒன்றை ஜூலை 25 அன்று தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. ஆறு ஆண்டுகள் தவறாமல் சம்பளம் வந்தால் யாருக்கும் சலிப்புத் தட்டத்தான் செய்யும். கிடைக்கக்கூடிய உதவிகளை விசாரிக்கும்படி நீ கேட்டதால், ஏப்ரல் 25 அன்று நடந்த தொழில்முனைவோர் விளக்கக் கூட்டத்துக்கு எழுபத்து நான்கு வயதில் நானே போய் அமர்ந்தேன். 9.00 மணி என்று அச்சிட்டிருந்தார்கள், 9.50க்குத் தொடங்கினார்கள். நாசி லெமாக் பொட்டலமும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள், பேனா எழுதவில்லை. கம்பெனிப் பதிவு, மானிய விண்ணப்பம் ஆகியவற்றுக்கான தாள்களை இத்துடன் இணைத்துள்ளேன். மானியத்துக்கு வாடிக்கையாளர் பெயர்களைக் கேட்கிறார்கள். உன்னிடம் லோகோ இருக்கிறது, அதுவும் மூன்று வண்ணங்களில். செயலி செய்வதற்கு முன் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் பேச வேண்டும் என்று அங்கே தினேஸ்வரி என்ற அதிகாரி சொன்னார். நீ பேசியது டப்ளின் நண்பர்களிடம். அவர்களில் ஒருவருக்கும் புந்தோங்கில் கல்யாணம் நடக்கப்போவதில்லை.

ஆகவே மே 2 அன்று, மணவறை அலங்காரம் செய்யும் மாயாண்டியின் கடைக்குப் போனேன். தேதியைக் கேட்டதும் அவர், "ஐயா, ஜூலை 25னா ஆடி ஒம்பது! ஆடியில எந்த வீட்ல தாலி கட்டுவாங்க? தம்பி பெருசா படிச்சிருக்கு, காலண்டர் மட்டும் பாக்கல லா!" என்றார். பூ கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி குமுதா, "வெள்ளக்காரங்களுக்குச் செய்வாரு போல" என்றார். பெற்ற கடமைக்கு உன் பக்கம் பேசியிருக்கலாம். பஞ்சாங்கம் எதிர்ப்பக்கம் இருந்ததால் நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் விஷயம் வந்தது. அவருக்கு வாடிக்கையாளர் தேடித் தர யாரும் வேண்டாம். வருகிறவர்களின் தேதியை அவர் சுவர்க் காலண்டரில் பென்சிலால் குறிக்கிறார். குமுதா அதைப் பார்க்காமல் அதே தேதியைப் போனில் வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். சென்ற ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீடுகள், ஒரே மணவறை. ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டாள். "இதுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லுங்கய்யா, மத்ததெல்லாம் வேணாம்" என்றார் மாயாண்டி. நீ எழுதியனுப்பிய பதினேழு வசதிகளில் அந்த ஒன்று மட்டும் இல்லை.

ஆகையால் வேலையை விடாதே, விடுப்பு எடு. ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை, மணவறைக்காரரும் சமையல்காரரும் மேளக்காரரும் சும்மா இருக்கும் மாதம். கடை திறக்கத் தகாத நாளைத் தேடிப் பிடித்த உன் திறமையால், அவர்களோடு உட்கார்ந்து பேசத் தகுந்த மாதம் அகப்பட்டிருக்கிறது. மாயாண்டிக்கு மட்டும் ஒன்று செய்து கொடு. ஆவணி முழுவதும் ஒரு தேதியும் மோதாமல் ஓடி, புரட்டாசியில் அவராகவே இன்னொரு மணவறைக்காரரை உன்னிடம் அழைத்துவந்தால், உன் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

நீண்ட ஆயுளும் சிறிது நிதானமும் பெற்று வாழ எங்கள் ஆசீர்வாதம். மறவாதே: வேலையை விடவில்லை என்று அம்மாவுக்கு நீயே போன் செய்து சொல், நான் சொன்னால், முதலில் வேலையை விடச் சொல்லி உன்னைத் தூண்டிவிட்டதே நான்தான் என்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சின்னையா