சாரலில் தெரியாத தாகம்

ஈரத் தலையோடு என் மேல் குனியும் உம்மாவுக்கு,

காலையிலிருந்து தென்காசியில் சாரல் விழுகிறது. குடை பிடித்தால் வெட்கமாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் நோட்டு நனைகிறது. இந்தக் காகிதத்தின் ஓரத்திலும் கொஞ்சம் ஈரம். நான் பிளஸ் டூ வந்துவிட்டேன், உம்மா. போன வருடம் சிறுநீரகப் பாடம் நடத்தியபோது, என் பக்கம் திரும்பாமல் இருக்க டீச்சர் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

உன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. படுக்கும்போது வலது அடிவயிற்றில் கையை வைத்துக்கொள்வேன். அருவியை விட்டுத் தள்ளி, கடைத்தெருவில் நின்றால் ஒரு இரைச்சல் கேட்குமே, அது உள்ளே கேட்பதுபோல இருக்கும். போன மாதம் அதைத் தொலைக்கப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ எனக்கு அதைத் தந்தது ரமலான் மாதத்தில். ஆஸ்பத்திரியில் கிடந்ததால் விட்டுப்போன நோன்புகளை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்தாய். நாலு மிச்சம் இருந்தது. "சாரல் விழட்டும், அப்பம் தாகம் தெரியாது" என்று ஜமீலா சாச்சியிடம் சொல்லுவாய். சாரல் விழுவதற்குள் குத்துக்கல்வலசை சாலை விலக்கில் நீ வந்த ஆட்டோ கவிழ்ந்து, நீ போய்விட்டாய்.

அந்த நாலையும் நான் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். உன் தங்கை என்ற முறையில் சாச்சியிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புத்தகங்களில் தேடினேன். எனக்கு வேண்டிய பதில் இருந்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

காலை எட்டு, இரவு எட்டு என்று நீ பழக்கிய மாத்திரைகளை விடியுமுன்னும் அந்தி மஃரிபு தொழுகைக்குப் பிறகும் போட்டுக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். மதியச் சோற்றை என் பக்கத்தில் உட்காரும் வள்ளி சாப்பிட்டாள். நீ சொன்னது சரிதான். தாகமே தெரியவில்லை. சன்னலைத் திறந்தால் முகத்தில் ஈரக்காற்று. உடம்பு காய்வது எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. சொன்னால் நோன்பு தெரிந்துவிடுமே. ஒன்றுதானே பாக்கி?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாச்சி குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டத்தில் குளிக்கக் கூடாது என்பதால் முகக்கவசத்தோடு தள்ளி நின்றேன். சுடச்சுட வாங்கித் தந்த நேந்திரங்காய் சிப்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டயாலிசிஸ் குழாயோடு இதே இடத்தில் நின்ற அந்த வருடம் ஞாபகம் வந்தது. நீ மட்டும் குளித்துவிட்டு வந்து, கூந்தலை என் பாதத்தில் பிழிந்தாய். "இந்தா, அருவியைக் கொண்டுவந்துட்டேன்" என்றாய். அன்று என் கால்விரல்களுக்கிடையே ஓடிய தண்ணீர் இப்போதும் ஓடுவதுபோல இருந்தது. பாறை, குரங்குகள், எண்ணெய் தேய்த்த முதுகுகள் எல்லாம் வெள்ளையாக மிதந்தன. நீயும் அந்த அருவிப் புகைக்குள்ளிருந்து வந்துவிடுவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தது சாச்சி. என் கழுத்தைத் தொட்டாள்.

"ஏட்டி, சாரல்ல நிக்க, ஒடம்பு அடுப்பாக் கொதிக்கி."

தலை துவட்டக்கூட நேரமில்லை. சாச்சி ஈரத்துணியோடே காரில் ஏறினாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் திணறினால் ஏறும் கிரியாட்டினின், எப்போதும் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்பது, இரண்டைத் தாண்டியிருந்தது.

கிருமித் தொற்றாக இருக்கலாம், உடம்பு சிறுநீரகத்தை ஏற்க மறுப்பதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஊசி மருந்துக்குக் குறையாவிட்டால் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பின் காவல்காரர்களை மாத்திரைகள் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கின்றனவாம். ரொம்பத் தூங்கினால் கிருமி நுழையும். விழித்துக்கொண்டால் சிறுநீரகத்தையே அடிப்பார்கள். யாரோ அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்களாம்.

அந்நியரா? என் உடம்புக்கு உன்னைத் தெரியாமல் போகுமா, உம்மா? நான் உனக்குள் பத்து மாதம் இருந்தபோது உன் காவல்காரர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லையே.

எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று டாக்டர் கேட்டதும் நோன்பைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சாச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க அக்காவுக்கு நாலு நாளா தண்ணி குடுக்காம வச்சிருக்கியேட்டி."

அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஷார்ஜாவிலிருந்து வாப்பா ஒவ்வொரு வேளையும் போன் செய்தார். முன்பெல்லாம் மார்க் எவ்வளவு என்றுதான் கேட்பார். இப்போது மூத்திரம் எத்தனை மில்லி என்று கேட்டார். கூடுதலாகச் சொன்னால், பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல, "அல்ஹம்துலில்லாஹ், இன்னும் முயற்சி பண்ணு" என்றார். சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் கிரியாட்டினினும் இறங்க ஆரம்பித்தது. சிறுநீர்த் தொற்றுதான். சதை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மாத்திரை நேரத்தை இன்னொரு தடவை நானாக மாற்றினால், விழித்தவர்களை மறுபடி தூங்க வைக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறேன். முடிவு வரும்வரை பக்கங்கள் புரளும், எதுவும் மனதில் ஏறாது.

உன் நாலு நோன்புக்கும் வழி கிடைத்துவிட்டது. பள்ளிவாசல் இமாமிடம் சாச்சி கேட்டாள். இறந்தவருக்காக ஏழைகளுக்குச் சோறு கொடுங்கள், அந்தப் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டாம் என்றாராம். நேற்று நெய்ச்சோறும் தால்ச்சாக் குழம்பும் ஆக்கினோம். நான் வெங்காயம் உரித்தேன். வாங்க வந்த ஒரு பெண் என் முகக்கவசத்தைப் பார்த்து, யாருக்காகச் சோறு என்று கேட்டாள். உம்மாவுக்கு என்றேன். எப்போது மௌத்தானார்கள், இறந்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டதற்கு, அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் பாத்திரத்தில் இன்னொரு கரண்டி போட்டேன்.

இரவு எட்டு மணி அலாரம் அடிக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டேன். காய்ச்சல் வந்தால், எரிந்தால், வீங்கினால், அந்த நிமிடமே சாச்சியிடம் சொல்லிவிடுவேன். சாரல் விழுந்தாலும் சரி, தாகம் தெரியாவிட்டாலும் சரி, பாட்டில் காலியாகும். இதோ இந்த டம்ளர் உனக்கு. குடி, உம்மா.

உன் வயிற்றில் இருந்தவளும், உன்னை வயிற்றில் வைத்திருப்பவளுமான மகள்,
சபீனா