பெறுநர் இல்லாத மனு

கடித இல. 114 (தொலைநகல் வழி)
சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து, நியூசிலாந்து
27 டிசம்பர் 1995, புதன்கிழமை, காலை 6.40

அன்பு மகளுக்கு,

உன் இருதய சத்திரசிகிச்சை ஜனவரி 3ஆம் திகதி. எனக்கு இன்னும் விசா இல்லை. இங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசாப் பிரிவு 18ஆம் திகதி முதல் மூடப்பட்டிருக்கிறது.

காரணம் நீ அறிந்ததே. பணம் ஒதுக்கும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரஸிடம். அதற்குக் கையொப்பமிடும் அதிகாரம் ஜனாதிபதியிடம். இருவரும் இணங்காததால் பணமில்லாமல் அரச அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேராத நாடு என்றுதான் 1987இல் உன்னை அங்கே அனுப்பச் சம்மதித்தேன்.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருடம் மனுக்களோடு வாழ்ந்தவன் நான். நேற்று உனக்காக ஒன்று எழுதினேன். காங்கிரஸிடம் கேட்டால், விசா அவர்கள் வேலையன்று. ஜனாதிபதியிடம் கேட்டால், பணம் அவர் கையில் இல்லை. யாரிடம் மன்றாடுவது, மகளே?

15ஆம் திகதி வெள்ளிக்கிழமையே விண்ணப்பம் தயாராக இருந்தது. ஒரு சொல்லில் மை பரவியதால், புதிய படிவத்தில் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

"வாசிக்கக்கூடியதாத்தானே கிடக்கு? உங்கட கையெழுத்துக்குப் பரிசே குடுக்கப் போகினம்? குடுத்திட்டு வாங்கோ" என்றாள் அம்மா.

எழுதி முடித்தபோது அலுவலக நேரம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை போனேன். கதவு பூட்டியிருந்தது. அன்று முதல் அவள் என்னோடு கதைப்பதில்லை.

சத்திரசிகிச்சையைத் தள்ளிவைக்க முடியுமா என்று டொக்டரிடம் கேள். முடியாதென்றால் எனக்கு அறிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா

இணைப்புகள்:
1. மனு. பெறுநர் பெயர் எழுதப்படவில்லை.
2. 15ஆம் திகதி விண்ணப்பம், மைக் கறையுடன். எல்லாம் தெளிவாக வாசிக்க முடிகிறது.