காற்று வருமே என்று சாத்திய ஜன்னல்

மே 29, வெள்ளி

அக்னி முடிந்துவிட்டதாகக் காலண்டர். வெயிலுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் ஓட்டல் வந்து சேர்ந்தோம். கோவளம் தாண்டி, கடலை ஒட்டி. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் என் ஜட்டி, பனியன் எல்லாம் ரிசப்ஷன் மேசை மேல். காரணம்: இது இயற்கை ஓட்டலாம், பிளாஸ்டிக் உள்ளே வரக்கூடாதாம். என் மனைவி செல்வியோ பிளாஸ்டிக் கவரில் போடாமல் எதையும் வைக்கத் தெரியாதவள். எங்கள் எர்ணாவூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளியே வைத்தால் பொழுது சாய்வதற்குள் கறுப்புத் தூள். எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குக் கூடச் சட்டை உண்டு.

ரிசப்ஷன் பெண் ஒவ்வொரு கவராகப் பிரித்துத் துணிப்பைக்கு மாற்றினாள். முகத்தில் சிரிப்பே இல்லை, பயிற்சி கொடுத்திருப்பார்கள். பின்னால் வரிசையில் ஒரு பெங்களூர்க் குடும்பம். நான் சுவரில் மாட்டியிருந்த ஆமைப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிக் கவரில் மகள் யாழினியின் மூச்சிழுப்புப் பம்ப், முகத்தில் வைக்கிற மாஸ்க், மருந்து. "இது இருக்கட்டும் மேடம்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. செல்வி என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் ஆமையை.

தங்கல் ஓசி. எங்கள் கன்டெய்னர் யார்டு மே தினக் குலுக்கலில் முதல் பரிசு. இரண்டாம் பரிசு மிக்ஸி. எனக்கு மிக்ஸி மேல்தான் கண்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பின்

அடுத்த மானக்கேடு. அறையில் ஏசி கிடையாது. மண் சுவர், ஓலைக் கூரை, ஒரு ஃபேன். விளக்கு வைத்ததும் வழக்கம்போல நான் ஜன்னல்களைச் சாத்தி, கீழே இடுக்கில் ஈரத் துண்டு சொருகினேன். வீட்டில் அது என் டூட்டி. இருட்ட ஆரம்பித்ததும் காற்று திரும்பும், ஃபேக்டரி நாற்றமும் புகையும் உள்ளே வரும், யாழினிக்கு வீசிங் ஆரம்பிக்கும்.

அறை இட்லிப் பானை ஆகிவிட்டது. ரிசப்ஷனில் போய்ச் சத்தம் போட்டேன். ஃபேன் அனல் அடிக்கிறது, ஆளை அனுப்புங்கள். ஒரு ஆள் வந்தார். ஃபேனைப் பார்க்கவே இல்லை.

"ஜன்னல ஏன் சார் சாத்தி வச்சிருக்கீங்க?"

"தொறந்தா காத்து வருமே."

"அதுக்குத்தான சார் ஜன்னலு?"

செல்வி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். யாழினி என் மாதிரியே பேசிக் காட்டினாள்: "காத்து வருமே! காத்து வருமே!" எட்டு வயதுக்கு வாய் அதிகம். அம்மா ஜாடை.

திறந்தே கிடக்கிறது. உப்பு வாடை மட்டும்.

மே 30, சனி

நல்ல வெயில், நல்ல காற்று. எனக்குத் தூக்கம் சரியில்லை. டிரைலர் லாரி ஹாரன் இல்லாமல் எப்படித் தூங்குவது? யாழினி ராத்திரி முழுக்கக் குப்புறப் படுத்துத் தூங்கி எழுந்தாள். காலையில் பம்ப் கேட்கவில்லை. நானும் செல்வியும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் திருஷ்டி.

காலை: கம்பு தோசை. மதியம் மீன் கேட்டேன். "தடைக்காலம் சார், பெரிய மீன் வாங்குறதில்ல" என்றார் பரிமாறுகிறவர். காசிமேட்டுப் பக்கத்து ஆளுக்குத் தடைக்காலம் தெரியாதா? ஆனால் இவர் சொல்லும்போது அது கொள்கை மாதிரி இருந்தது. வாழைப்பூ வடை தின்றேன்.

செய்ய வேலை இல்லை. கடலைப் பார்த்தேன். கப்பல் ஒன்றும் இல்லை. கப்பல் இல்லாத கடலில் எதைப் பார்ப்பது? குப்பைத் தொட்டி நான்கு நிறத்தில் வைத்திருக்கிறார்கள். பெங்களூர்க்காரர் மாற்றிப் போட்ட வாழைப்பழத் தோலை எடுத்துச் சரியான தொட்டியில் போட்டேன். யார்டில் பெட்டி அடுக்குகிற கை, சும்மா இருக்காது.

டில்லி போன் பண்ணினான். கேரம் கிளப் தோஸ்து.

"இன்னா மாமு, ஏசி ரூமா?"

"ஏசி இல்லடா. ஜன்னல் கீது."

"ஜன்னல் நம்ம வூட்லயே கீதே! அது சரி, பட்டாபிராம் போறியாமே? டோர்னமென்ட்டுக்கு யாரு, உங்க தாத்தாவா ஆடுவாரு?"

"எவன் சொன்னான்? நான் எங்கயும் போல."

செல்வி பக்கத்தில்தான் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியை முதலில் ஈரத் துணியால் துடைத்தாள், பழக்கம். அறை பெருக்குகிற பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "காலையிலதான்க்கா தொடச்சேன்." செல்வி அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். துடைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை. அதை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதே நாள், சாயங்காலம்

சண்டை. குசுகுசுவென்று, மண் சுவர் என்பதால்.

விஷயம் இது. பட்டாபிராமில் செல்வியின் அக்கா தெருவில் ஒரு போர்ஷன் காலி. திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடமும் திறக்கப் போகிறது.

"நான் பொறந்தது அங்க, வளந்தது அங்க. எங்கப்பன், அவுங்கப்பன் எல்லாம் அந்தக் காத்துதான். செத்தா பூட்டோம்?"

"உங்கப்பன் செத்துத்தான் போய்ட்டாரு."

"அது வயசாயி."

"யோவ், நீ மூச்சு வுடற, சரி. அவளால முடியலயே. உன் வீரத்த அவ நெஞ்சுலயா காட்டணும்?"

வேலைக்கு இரண்டு ரயில் மாற வேண்டும் என்றேன். மாறு என்றாள். சொந்த வீடு என்றேன். பூட்டு என்றாள். டாக்டரம்மா சொன்னது: "எடம் மாத்திப் பாருங்க. சில புள்ளைங்களுக்கு நின்னுடும், சிலதுக்கு நிக்காது." செல்விக்கு முதல் பாதி ஞாபகம். எனக்கு இரண்டாம் பாதி.

கடைசியில் பேச்சை நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரே கொசுவை அடிக்கக் கை ஓங்கினோம். இயற்கைக் கொசு. தப்பிவிட்டது.

மே 31, ஞாயிறு

லேசான மேகம். இரண்டாவது ராத்திரியும் பம்ப் இல்லை.

சாப்பிடும் முன் மணலில் யாழினி பந்தயம் கூப்பிட்டாள். கரையில் கிடக்கும் படகு வரைக்கும். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் மற்றவர்கள் செருப்புக்குக் காவல் உட்கார்கிறவள். இன்று பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கோழி மாதிரி, வளைந்து வளைந்து ஒரே ஓட்டம். நான் பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு கொல்லன் துருத்தி.

திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். நேராக அம்மாவிடம் ஓடி, பையில் இருந்து பம்ப்பை எடுத்து வந்தாள்.

"நைனா, உனக்கு வோணுமா? பயப்படாத. வாயத் தொற. மெதுவா இழு. நான் எண்ணறேன்."

நானும் அவளுக்கு இதையேதான் சொல்வது வழக்கம். அச்சு அசல். பெங்களூர்க்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை.

மதியம் காலி செய்தோம். கவர்கள் எல்லாம் ஒரு கட்டாகத் திரும்பக் கிடைத்தன.

ஞாயிறு, வீடு

இரண்டு பஸ். ராயபுரம் வரைக்கும் யாழினி பாட்டு. டோல்கேட் தாண்டியதும் டிரைலர் வரிசை, வண்டி நகரவில்லை. செல்வி கை தானாகப் போய் பஸ் ஜன்னலை இறக்கிச் சாத்தியது. எர்ணாவூர் வருவதற்குள் இரண்டு இருமல். "தொண்ட காஞ்சிருக்கும்" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது இழுப்பு வந்துவிட்டது. பம்ப். வாயைத் திற என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே எண்ணிக்கொண்டாள்.

ஜூன் 1, திங்கள்

புழுக்கம். எனக்கு மதிய ஷிப்டு. பால் திரிந்துவிட்டது, வேறு வாங்கி வந்தேன்.

அக்கா போன். செல்வி போனை மார்போடு அழுத்திக்கொண்டு, "இன்னா சொல்லட்டும்?" என்றாள். கேட்ட விதத்தில், நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன் என்று அவளே முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

"வரோம்னு சொல்லு."

"நெசமாவா? அப்பால டில்லி கூப்ட்டான், மேட்சு கீதுன்னு பேசக்கூடாது."

"அங்க கேரம் கிளப் கீதான்னு கேளு மொதல்ல."

"அக்கா, வரோம்க்கா. அவரேதான்க்கா சொல்றாரு." சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் பேசினாள். மூக்கை உறிஞ்சினாள்.

யாழினி: "நைனா, அங்க போனா நான் ஓடலாமா?"

"ஓடு. நானும் வரேன். பம்ப்ப நீ எடுத்துக்க, எனக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதனால் மிச்சத்தைச் சொல்லவில்லை. அங்கே போயும் அவளுக்கு இழுத்தால்? இங்கே இருக்கிறவரை புகையைத் திட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே நான் யாரைத் திட்டுவேன்?