உன் படத்துக்குக் கீழே டியூட்டி

இன்றும் உன் படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருக்கிறார்கள். நர்சுகள் உட்காரும் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிட் வாடையோடு அந்தப் பூ வாசனை கலந்து வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, கோவித்துக்கொள்ளாதே. கீழே ‘சேவையின் திருவுருவம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

பூந்தமல்லியில் இந்த ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்கு வந்தோம். ஏசி குளிரில் நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாய். “நமக்கே வெடவெடன்னு கீது, படுத்துகினு கீற மனுசன் இன்னாடி பண்ணுவாரு?” என்பாய். அந்தக் கைக்காகவே எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். கஷ்டமான கட்டிலெல்லாம் உன் தலையில்தான் விழுந்தது. நல்லவள் என்றால் இங்கே இளிச்சவாய் என்றுதானே அர்த்தம்.

இன்று காலை டியூட்டி முடிந்தும் எனக்கு மாற்றாக வர வேண்டியவள் வரவில்லை. என் மகள் காய்ச்சலோடு பக்கத்து வீட்டில் கிடக்கிறாள். “எப்பம்மா வருவ?” என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பையை எடுத்தேன். இன்சார்ஜ் மேடம் உன் படத்தைக் காட்டினார்.

“இவங்களா இருந்தா பேஷன்ட்ட உட்டுட்டுப் போயிருப்பாங்களாம்மா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கடைசி நாளில் பக்கத்தில் நின்றவள் நானல்லவா? நெஞ்சை அடைக்கிறது என்றாய். ஆள் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கோ என்றார்கள். நீயும் பொறுத்துக்கொண்டு, ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துவிட்டாய். பிறகு சுவரில் சாய்ந்து என் கையைப் பிடித்தாய். உன் கை சில்லென்றிருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் ஓர் அம்மா படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். வேறு யாருமில்லை. பையை வைத்துவிட்டு ஓடினேன். என்னையறியாமல் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அவரைத் தொட்டேன். அவர்மேல் எனக்கென்ன கோபம்? கதவு திறந்துதான் இருக்கிறது, போகத்தான் முடியவில்லை.

துடைத்து முடித்து மேடம் எதிரில் வந்து நின்றேன். சுவரில் சாய்ந்தபடி நீ சொன்னதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருந்தேன். இன்று சொல்லிவிட்டேன்.

“அவ கடைசியா சொன்னது என்ன தெரியுமா மேடம்? ‘நான் ஊட்டுக்குப் போணும்டி’ன்னா.”

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கும்தாம்மா போகணும்” என்றார்.