காலையில் இந்தக் கை எங்கே இருந்தது

இன்று காலை கிளினிக்கைத் துடைத்து ஒழுங்கு செய்துகொண்டிருந்த நர்ஸ், என் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினாள். இங்கே அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை, இது எதற்கு மேடம் என்றாள். புதிதாக வந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும். அங்கேயே வை என்று கொஞ்சம் அதட்டியே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாவம், அப்புறம் தானாகவே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

நீ போன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. முதன்முதலாக உனக்கு ஒரு புண்ணைப் படமெடுத்து அனுப்பியபோது, இது கொசுக்கடியா கொய்யாப்பழமா, பக்கத்தில் எதையாவது வைத்து எடுத்தால்தானே அளவு தெரியும் என்று திட்டினாய். கைக்குக் கிடைத்த தீப்பெட்டியை வைத்தேன், அதுவே வழக்கமாகிவிட்டது. ஐந்து வருஷம் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்கள் நாம். நீ சென்னையில் தோல் சிறப்பு மருத்துவர் ஆனாய். நான் பழவேற்காட்டில் எல்லா வியாதிக்கும் ஒரே டாக்டர் ஆனேன்.

தேசம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டும் இறாலும் கழற்றுகிறவள். வலது கை ஆள்காட்டி விரல் வீங்கி, முடிச்சு முடிச்சாகப் புண். இரண்டு முறை மருந்தை மாற்றியும் குறையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனவள் மூன்று வாரம் என் பக்கமே வரவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் நானே பார்த்தேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"இன்னா டாக்டரம்மா, பெரியாஸ்பத்திரிக்குப் போனா வெரலை எடுத்துருவாங்க. எங்க நாத்தனாருக்கு சக்கரைன்னு கால் கட்டைவெரலை அப்படித்தான் எடுத்தாங்க. இந்த வெரல் இல்லாங்காட்டி நண்டை எப்புடிப் புடிக்கறது?"

அன்று மதியமே தீப்பெட்டியோடு விரலைப் படமெடுத்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு நீளமான குறிப்பும் எழுதி உனக்கு அனுப்பினேன். நோயின் பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். குரல் பதிவில் நீ கேட்டது ஒன்றுதான். "காலையில இந்தக் கை எங்க இருந்துச்சு?"

ஏரித்தண்ணீரில் என்றேன். இறாலின் கொம்பு குத்திய இடம் என்பதையும் அப்போதுதான் தேசம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். இது தண்ணீரில் இருக்கிற ஒரு சோம்பேறிக் கிருமியாக இருக்கலாம், நீ கொடுத்த மருந்துக்கு அசையாது, சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பு, எதைச் சோதிக்கவேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன் என்றாய். விரல் மடங்காமல் போனாலோ, வலி மணிக்கட்டுக்கு ஏறினாலோ என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு என்றும் சொன்னாய். பிறகு, "நீ எழுதின சீட்டு உன் பயத்துக்கு எழுதினதுடி. அவ நோவுக்கு இல்ல" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிட்டாயே என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அந்தப் பதிவின் கடைசியில் பின்னால் யாரோ ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. இரு, கூப்பிடறாங்க என்று நிறுத்திவிட்டாய். உன் நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேசம்மா ஊரை விட்டு நகரவில்லை. அவள் விரலிலிருந்து எடுத்த துணுக்குதான் பொன்னேரி பஸ் ஏறிப் போனது. நீ நினைத்த கிருமியேதான். மாதக்கணக்கில் மருந்து. கையுறை போட்டால் நண்டே சிரிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே போட்டாள். ஒவ்வொரு மாதமும் படம் அனுப்பினேன். தீப்பெட்டி அப்படியே இருக்க, பக்கத்தில் புண் சிறுத்துக்கொண்டே வந்தது. உன் பதில்களும் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியாக வந்தது "நல்லாருக்கு" என்ற ஒரே சொல். வேலை அதிகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நீ இறந்துபோனதைச் சொல்ல உன் வீட்டுக்காரர் போன் செய்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. நீயே சிகிச்சைக்குப் போய்க் காத்திருந்த இடத்திலிருந்துதான் எனக்குப் பேசியிருக்கிறாய். அன்று அவர்கள் கூப்பிட்டது உன்னுடைய எண். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றாயாம். தேசம்மா விரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியவில்லை என்பாயாம். ஒவ்வொரு கையும் காலையில் எங்கே இருந்தது என்று கேட்டவள் நீ. நீ எங்கே இருக்கிறாய் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மருந்து முடிந்த அன்று தேசம்மா வந்து விரலை மடக்கி நீட்டிக் காட்டினாள். அந்த மெட்ராஸ் டாக்டரம்மாவுக்கு நல்ல நண்டாகப் பார்த்துக் கொடுத்தனுப்பணும் என்றாள். நீ இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த விரலையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லையே" என்றாள். என் போனில் உன் படத்தை எடுத்துக் காட்டினேன்.

இன்று மதியம் ஒரு படகுக்காரர் முழங்கையில் புண்ணோடு வந்தார். தீப்பெட்டியை எடுத்தேன். காலையில் இந்தக் கை எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். உன் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் இன்னொரு தோல் மருத்துவர்தான் இனிமேல் எனக்கு யோசனை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தை அனுப்பப் போன விரலை நிறுத்திவிட்டு, முதலில் அவரைப் போனில் கூப்பிட்டேன். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். மனிதர் திகைத்துப்போனார். வீட்டில்தான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் படத்தை அனுப்பினேன்.