நானூற்றில் நின்ற குமிழ்

1983 ஜனவரி 16, ஞாயிறு

எட்டு மணி வரை பனி. ஏரியின் எதிர்க்கரையில் பசியாவரம் கிராமம் தெரியவில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய கேமராவோடு காலைப்பொழுது. விளக்கத்தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. படங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டவை: உள்ளே ஓர் ஊசி. லென்ஸ் வளையத்தைத் திருகி அதை நடுவில் நிறுத்தினால் வெளிச்சம் சரி. மேலே ஒரு குமிழ், ஏ.எஸ்.ஏ. என்று பெயர், 25 முதல் 400 வரை எண்கள். வெயிலின் அளவாக இருக்கவேண்டும். ஏரிக்கரை வெயில் கடுமை, ஆகவே 400.

கண்டுபிடித்ததில் சின்ன மகிழ்ச்சி. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. காசிம் பாயின் வலைநூல் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"இன்னா வாத்தியாரே, ரிட்டயர் ஆயி ஸ்டுடியோ வெக்கப் போறியா? என் மூஞ்சிய எடுத்தா கண்ணாடி தெறிச்சிடும்."

கடை பாதி காலி. செவ்வாயன்று பாய் தன் மகன் வீட்டோடு இருக்கப் போகிறார், மெட்ராஸ் மண்ணடிக்கு. கடை வாசலில் வைத்துச் சில படங்கள் எடுத்தேன். கல்லாப்பெட்டிமேல் கை வைத்து ஒன்று.

வாங்க: மண்ணெண்ணெய், புளி, மூட்டுவலித் தைலம்.

ஜன. 18, செவ்வாய்

நல்ல வெயில். மெட்ராஸ் பஸ். பாய்க்கு இரண்டு டிரங்குப்பெட்டி, ஒரு மூட்டை. நாங்கள் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. இத்தனை வருடம் தினமும் பார்த்தவரைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும். கண்டக்டரிடம் கேமராவைக் கொடுத்தேன்.

"ரெண்டு பெரிசும் கொஞ்சம் சிரிங்க. வண்டி லேட்டாவுது."

"இவரு சிரிச்சு நானே பாத்ததில்ல, நீ எங்க பாக்கப் போற," என்றார் பாய். அதற்குச் சிரித்துவிட்டேன். அப்போது கண்டக்டர் அழுத்தினார்.

நாலு மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம். பூட்டு. அப்படியே நின்று, திரும்பினேன்.

ஜன. 20, வியாழன்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மாளின் கணவர் இறந்துவிட்டார். காய்ச்சல். மூத்த மகன் முனுசாமி படகோடு வந்து நின்றான்.

"நைனா மூஞ்சி ஒரு படத்துலயும் இல்ல சார். ஸ்டுடியோக்காரன் ஏரில தண்ணி கம்மியா கீது, படகு தர தட்டும்னு வரமாட்டேன்னுட்டான். உங்ககிட்ட கேமரா கீதுன்னு அம்மா சொல்லிச்சு."

பசியாவரம். ஓலைப் பந்தலின்கீழ் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். தலையைச் சுற்றித் துணிக்கட்டு, கழுத்தில் சாமந்தி. அன்று ஏரியில் வலைபோட அவர்கள் குடும்பத்துக்கு முறை. வலைகள் அப்படியே கொடியில். பந்தலுக்குள் வெயில் குறைவு, ஆகவே குமிழை 100க்கு இறக்கினேன்.

"மூஞ்சி மட்டும் நல்லா வரட்டும் சாரே," என்றாள் தேசம்மாள்.

ஒரே ஒரு படம். மறுபடி எடுப்பதற்குள் பெண்கள் மேலே விழுந்து அழத் தொடங்கிவிட்டார்கள். கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

ஜன. 21, வெள்ளி

மேகம். படச்சுருள் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப்போய்ப் படித்தேன். ஏ.எஸ்.ஏ. 100. அப்படியானால் அந்த எண் வெயிலுடையது அல்ல, சுருளுடையது. அதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை நாம் ஊசிக்குச் சொல்லும் இடம்தான் அந்தக் குமிழ். எண் சிறிதானால் பசி அதிகம்.

வகுப்பில் என்றால் இப்படிச் சொல்வேன்: இலையில் உட்கார்ந்திருப்பவர் நாலு கரண்டி சாப்பிடுகிறவர். நான் சமையல்கட்டுக்குள் போய், ஒரு கரண்டி போதும் அவருக்கு, என்று சொல்லிவிட்டேன். கடை வாசல் படம், பஸ் படம், எல்லாம் பட்டினி. பந்தலில் எடுத்தது மட்டும் சரி. அதுவும் தப்பான கணக்கில் வந்த சரியான விடை.

பத்து மணிக்கே விளக்கை அணைத்தேன். தூக்கமில்லை.

ஜன. 24, திங்கள்

பொன்னேரி. ஸ்டுடியோக்காரர் நல்ல மாதிரி. முழுக்கக் கேட்டார்.

"பிலிம் கழுவற மருந்துல கூடுதல் நேரம் ஊறவெச்சா பட்டினிப் படம் தேறும் சார். ஆனா அந்தச் சாவுப் படம் பிலிம்ல கருகிடும், பிரிண்டுல மூஞ்சி வெளுத்துப் போவும்."

"சுருளை இரண்டாக வெட்டி, தனித்தனியாக ஊறவைக்க முடியாதா?"

"முடியும். இருட்டுல கையால தடவி வெட்டணும். ரெண்டு படத்துக்கு நடுக்கோடு எங்க விழும்னு எனக்கே தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் படம்னா ஏதாவது ஒண்ணுமேல கத்திரி போவும்."

பக்கத்துப் பக்கத்துப் படம்தான். பஸ்ஸடியில் நானும் பாயும். அதற்கு அடுத்துத் தேசம்மாளின் கணவர்.

"தள்ளி வெட்டட்டா சார்? எந்தப் பக்கம் தள்ள?"

டீ வாங்கிக் கொடுத்தார். பாய் இருக்கிறார், மண்ணடியில், மூச்சோடு. அந்த மனிதருக்கு இனி வேறு படம் கிடையாது. பதில் தெரிந்த கேள்விதான். ஆனாலும் டீ ஆறிவிட்டது.

"கடைப்பக்கம் தள்ளி வெட்டுங்கள். பஸ் படம் போனால் போகட்டும்," என்றேன்.

ஜன. 29, சனி

படங்கள் வந்தன. தேசம்மாளின் கணவர் தெளிவு, மீசை நரை முதற்கொண்டு. பாயின் கடைப் படங்கள் மணல் தூவினாற்போல், ஆனாலும் பாய்தான். பஸ்ஸடிப் படம்: இருட்டு. அதில் ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு வெள்ளை வேட்டி. முகம் இல்லை. சிரித்தது தெரியவில்லை.

ஜன. 30, ஞாயிறு

காற்று. முனுசாமி தாயைப் படகில் கூட்டிவந்தான். படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இன்னா சாரே, இவ்ளோ செவப்பா கீறாரு! இப்பிடி இருந்திருந்தா நான் ஏன் தெனம் சண்ட போடப்போறேன்." சிரித்தாள். பிறகு முந்தானையால் படத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதன்மேல் ஒன்றும் இல்லை.

மேசைமேல் கிடந்த இன்னொன்றைப் பார்த்தாள். "இது இன்னாது?"

"நானும் காசிம் பாயும்."

"ஒண்ணும் தெரியலயே."

"ஆமாம்."

கூடையில் நண்டு கொண்டுவந்திருந்தாள். ஒருத்தனுக்கு எதற்கு இவ்வளவு என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜன. 31, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. பாய்க்குக் கடிதம். கடைப் படங்களில் நல்லதாக மூன்று வைத்தேன். பஸ்ஸடியில் எடுத்தது வரவில்லை என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதினால், "இதுல யோசிக்க இன்னா இருக்கு" என்று சொல்வார். அதை அவர் நேரில் சொல்லிக் கேட்கவேண்டும்.

புதுச் சுருள் வாங்கிவரட்டுமா என்று முனுசாமி கேட்டுப் போனான், பொன்னேரி போகிறானாம். வேண்டாம் என்றேன். குமிழை எதில் வைக்கவேண்டும் என்று இப்போது தெரியும். யாரை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.